புளி கேட்டவரும் புலி கேட்டவரும்

சிங்களம் தாய்மொழியான ஒருவர் தமிழில் பழப்புளி கேட்டால், அது தமிழ்க் காதில் பெரும்பாலும் ‘பலப்புலி’ என்றே விழும். திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றிய குடியிருப்புகளில் இந்தத் தடுமாற்றத்துக்கு வாய்ப்பு அதிகம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூன்று சமூகங்களில் எதுவும் இந்த மாவட்டத்தில் பாதியைத் தாண்டவில்லை. ஒரு வேலியின் இரு பக்கமும் இரண்டு மொழி இருப்பது இங்கே புதினமல்ல. சிங்களச் சமையலில் மீனுக்குப் புளிப்பேற்றுவது பெரும்பாலும் கொறுக்காய். அயல்வீட்டு மீன்குழம்பின் ருசி பிடித்துப்போன சிங்களப் பெண் ஒருவர், “அக்கா, கொஞ்சம் பழப்புளி தாறீங்களா?” என்று வேலிக்கு மேலால் கேட்பதாக வைத்துக்கொள்ளலாம். அடுப்படியில் நிற்பவருக்குக் கேட்பது புலி; அதுவும் ஒன்றல்ல, பல. இலங்கைக் காடுகளில் புலி கிடையாது, இருப்பது சிறுத்தை. காட்டில் இல்லாத அந்த விலங்கின் பெயர் 2009 வரை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் செய்திகளிலும் சோதனைச் சாவடிகளிலும் ஓயாமல் அடிபட்டது. ஆகவே ஒரு கணம் திகைப்பு, அதன் பிறகு சிரிப்பு, கடைசியில் புளி.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் நாக்கு. சிங்களவருக்கு நாக்கு மடியாது, அதனால் ளகரம் வராது என்பார்கள். நாக்கின் மீதான இந்தப் பழி விசாரணையில் நிற்காது. ள என்று சொல்ல நாக்கின் நுனி பின்னோக்கி வளைந்து மேலண்ணத்தைத் தொட வேண்டும். ட என்று சொல்லவும் கிட்டத்தட்ட அதே வேலைதான். சிங்களத்தில் டகரம் தாராளமாக உண்டு. புலிக்கே சிங்களத்தில் ‘கொட்டியா’ என்றுதான் பெயர். அதைச் சொல்லும்போது எந்தச் சிங்களவரின் நாக்கும் தடுமாறுவதில்லை. நாக்கு வளையத் தெரிந்தேதான் இருக்கிறது. லகரத்துக்காக வளைய வேண்டிய தேவை அதற்கு ஏற்படவில்லை.

சிங்கள எழுத்தில் லகரத்துக்கு இரண்டு வடிவங்கள் உள்ளன, னகரத்துக்கும் இரண்டு. எழுத்தில் நிற்கும் இந்த வேறுபாடு இன்றைய பேச்சில் இல்லை. எந்தச் சொல்லுக்கு எந்த ல என்பதைச் சிங்களப் பிள்ளைகள் பள்ளியில் நெட்டுருப் போட்டுத்தான் கற்கிறார்கள். இதைப் பார்த்துத் தமிழர் சிரிக்க அதிக இடமில்லை. இலங்கைத் தமிழ்ப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரத்தோடு கலந்துவிட்டது. பழம் ‘பளம்’ ஆகிறது, மழை ‘மளை’ ஆகிறது, அவற்றை எழுதும்போது எந்த ள என்று தமிழ்ப் பிள்ளைகளும் நெட்டுருத்தான் போடுகிறார்கள். வேலிக்கு அப்பால் நிற்பவர் தமிழர் வாயிலிருந்து கற்றதே ‘பளப்புளி’. தமிழர் மூன்றை இரண்டாக்கினார்கள், அவர் இரண்டை ஒன்றாக்கினார்.

இந்த ஒலிகள் பிறக்கும் விதத்தைத் தொல்காப்பியத்தின் பிறப்பியல் நுணுக்கமாகவே பதிவுசெய்திருக்கிறது. லகரமும் ளகரமும் நாவின் விளிம்பு தடித்துப் பிறக்கும் இரட்டையர் என்றும், ஒன்றில் நா அண்ணத்தை ஒற்றுகிறது, மற்றதில் வருடுகிறது என்றும் அது பிரிக்கிறது. 1999 இல் சிறீகாந்த் நாராயணன், டானி பேர்ட், அபிகேல் கோன் ஆகிய மூவர் காந்த ஒத்ததிர்வுப் படங்களின் உதவியுடன் ர, ற, ல, ள, ழ ஐந்துக்கும் நாக்கு எடுக்கும் வடிவங்களை அளந்து வெளியிட்டார்கள். குரல்நாண்களில் எழும் ஓசை தொண்டையும் வாயும் சேர்ந்த குழாயின் வடிவத்துக்கு ஏற்பச் சில அதிர்வெண் பட்டைகளில் மட்டும் வலுக்கிறது. முதலிரண்டு பட்டைகள் அ, இ, உ என உயிர்களைப் பிரித்துக் காட்டும். நாக்கின் நுனி வளைவதை அதிகம் வெளிப்படுத்துவது மூன்றாவது பட்டை. நுனி வளைந்தால் அது கீழிறங்கும். லகரத்துக்கும் ளகரத்துக்கும் இடையிலான முக்கியமான தடயம் இங்கேதான் இருக்கிறது. சிங்களக் காதுக்கும் அந்த அதிர்வு போய்ச் சேருகிறது. ஆனால் லகர ஒலிகளைப் பொறுத்தவரை அது எந்தச் சொல்லையும் இன்னொன்றிலிருந்து பிரிப்பதில்லை என்பதால், மூளை அதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆங்கிலத்தின் ர, ல இரண்டையும் பிரித்தறிய முடியாத ஜப்பானியரின் சிக்கலும் இதே மூன்றாவது பட்டையில்தான் இருக்கிறது.

இந்தச் செவிட்டுத்தனம் பிறவியிலேயே வருவதல்ல. கனடாவில் ஜனட் வேர்க்கரும் ரிச்சர்ட் டீசும் 1984 இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் மிகவும் பேசப்பட்டது. இந்தியின் த, ட ஒலிகளை ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்குக் கேட்கவைத்தார்கள். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவை வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டன. பத்து முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் அந்தத் திறன் ஏறக்குறைய மறைந்திருந்தது. தாய்மொழிக்கு எது தேவை, எது தேவையில்லை என்ற கணக்கைக் குழந்தை முதல் சொல்லைப் பேசுவதற்கு முன்பே முடித்துவிடுகிறது. வேலிக்கு இருபுறமும் ஒரே மாதத்தில் பிறந்த இரண்டு குழந்தைகள் ஒரு வயதாகும்போது ஒரே உலகத்தைக் கேட்பதில்லை.

எதிர்த் திசையிலும் இதே கதைதான், வேடிக்கையும் குறைவில்லை. சிங்களத்தில் ஆகாரத்துக்கும் ஏகாரத்துக்கும் நடுவே வாயை அகலத் திறந்து சொல்லும் ஓர் உயிர் உண்டு. உணவைக் குறிக்கும் சிங்களச் சொல்லின் முதலெழுத்தில் வருவது அதுதான். தமிழ் ஒலியமைப்பில் அதற்கென்று தனி இடம் இல்லாததால், தமிழர் அதைக் ‘கேமா’ என்றோ ‘காமா’ என்றோ சொல்லிவிடுகிறார். இரண்டாவது வகையில் சொன்னால் சிங்களக் காதுக்குப் போவது சோற்றுப் பேச்சல்ல, காமம். விருந்துக்கு அழைப்பவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய உயிர் இது. ககரத்திலும் ஒரு பொறி உள்ளது. தமிழில் க ஒன்றே இடத்துக்கு ஏற்ப வன்மையாகவும் மென்மையாகவும் ஒலிக்கும். சொல்லின் தொடக்கத்தில் வன்மை. சிங்களத்தில் அவை இரண்டும் வெவ்வேறு ஒலியன்கள். ‘கஹனவா’ என்பதை மெல்லிய ககரத்தில் தொடங்கினால் அடிப்பது, வல்லிய ககரத்தில் தொடங்கினால் அரிப்பது. இவற்றைவிடக் கடினமானது அரைமூக்கொலி. மரத்தின் அடிப்பகுதிக்கும் குன்றுக்கும் சிங்களத்தில் உள்ள சொற்கள் இரண்டும் தமிழருக்குக் ‘கந்த’ என்றே கேட்கும். முன்னதில் நகரம் ஒரு கீற்றாக வந்து மறைகிறது, பின்னதில் முழுதாக நிற்கிறது. பல்லாண்டு சிங்களம் பேசிய தமிழர் பலரும் இதில் மட்டும் அகப்பட்டுக்கொள்வார்கள்.

வேறு மொழிக்காரரிடம்தான் இப்படி என்று நினைத்தால் அதுவும் தவறு. கோணேசர் கோயிலுக்கு வரும் தமிழ்நாட்டு யாத்திரிகரிடம் சுவாமிமலை உச்சியில் நிற்கும் உள்ளூர்க்காரர் “இங்க காற்று கூட” என்று சொன்னால், வந்தவருக்கு அது ‘காட்டு’ என்று கேட்கக்கூடும். எதைக் காட்டுவது என்று அவர் சுற்றுமுற்றும் பார்ப்பார். பழந்தமிழில் நாக்கின் நுனி தடையிடும் இடங்கள் மூன்று: பல்லில் த, பல்லுக்குப் பின்னேயுள்ள மேட்டில் ற, அண்ணத்தில் ட. தமிழ்நாட்டின் பெரும்பாலான வட்டாரப் பேச்சுகளில் நடு இடம் காலியாகிவிட்டது. காற்று அங்கே ‘காத்து’ ஆகிப் பல்லோடு சேர்ந்துகொண்டது. இலங்கைத் தமிழிலும் மலையாளத்திலும் அந்த நடு இடம் இன்றும் உயிரோடு இருக்கிறது. இரண்டு அறைகள் மட்டுமே உள்ள காதுக்குள் மூன்றாவது ஒலி போனால் அருகிலுள்ள ஏதோ ஓர் அறையில் இருந்துகொள்ள வேண்டியதுதான். பெரும்பாலும் அது டகரத்தின் அறை.

தமிழ்ப் பத்திரிகை வாசகர்கள் பல ஆண்டுகளாகக் கேலி செய்து வந்த ஒரு விடயத்துக்கும் விளக்கம் இதுவே. ஆங்கிலத்தின் ‘டி’ ஒலி பல்லிலும் பிறப்பதில்லை, அண்ணத்திலும் பிறப்பதில்லை. பல்லுக்குப் பின்னுள்ள மேட்டில் பிறக்கிறது. சென்னை அதை டகரமாகக் கேட்டு ‘டிவி’ என்றும் ‘டொராண்டோ’ என்றும் எழுதியது. யாழ்ப்பாணமும் திருகோணமலையும் தம்மிடம் ஏற்கெனவே இருந்த றகர இனத்தில் அதைச் சேர்த்து ‘ரீவி’ என்றும் ‘ரொறன்ரோ’ என்றும் எழுதின. பிறப்பிடத்தை வைத்துப் பார்த்தால் இலங்கை எழுத்துத்தான் மூலத்துக்கு நெருக்கமானது. ஆனால் சொல்லின் தொடக்கத்தில் ரகரத்தைத் தடையொலியாகப் படிக்கப் பழகாத தமிழ்நாட்டு வாசகர் அதை உருளும் ரகரமாகவே படித்துவிடுவதால், எழுத்தில் வென்ற துல்லியம் வாசிப்பில் தோற்றுவிடுகிறது.

துறைமுகம் இந்தச் சிக்கலில் தன் பங்கையும் சேர்க்கிறது. ஜோர்ஜ் மில்லரும் பற்றீசியா நைஸ்லியும் 1955 இல் ஆங்கிலத்தின் 16 மெய்யொலிகளை இரைச்சலுக்கு நடுவே ஒலிக்கவிட்டு, எது எதுவாகக் கேட்கிறது என்று பட்டியலிட்டார்கள். மூக்கொலியா இல்லையா, குரல்நாண் அதிர்கிறதா இல்லையா என்னும் தடயங்கள் கடும் இரைச்சலிலும் தாக்குப்பிடித்தன. ஒலி வாயின் எந்த இடத்தில் பிறந்தது என்ற தடயம்தான் முதலில் அழிந்தது. இரண்டுக்கும் இடையிலான தாங்குதிறன் வேறுபாடு சுமார் 18 டெசிபல். அவர்கள் ஆராய்ந்தது ஆங்கிலமே என்றாலும் ல-ள, த-ற-ட வேறுபாடுகள் எல்லாம் இடவேறுபாடுகள். படகு எஞ்சினும் கடற்காற்றும் போட்டிபோடும் கரையில் முதலில் காணாமல்போகக்கூடியவை இவையே. வலை கேட்டால் ‘வளை’, வாளை மீன் கேட்டால் ‘வாழை’ என்று போவதற்கு அங்கே வேற்றுமொழிக்காரர்கூடத் தேவையில்லை. இரைச்சலில் நிற்பவர் தன்னையறியாமல் குரலை உயர்த்துவார். பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார்ட் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விவரித்த அனிச்சைச் செயல் இது. கத்தும்போது வலுப்பெறுவது பெரும்பாலும் உயிரொலிகள். தகவலைச் சுமக்கும் மெய்கள் அதே அளவுக்கு உயர்வதில்லை. விளங்காதவரிடம் இன்னும் சத்தமாகச் சொல்வது உலகம் முழுவதும் நடக்கும் வீண்வேலை.

தென்மேல் பருவக்காற்று மேற்குக் கரைக் கடலைக் குழப்பும் மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பக்க மீனவர்கள் கிழக்குக் கரைக்கு வந்து வாடியமைத்துத் தொழில் செய்வது நெடுங்கால வழக்கம். இப்படிப் பருவகால அயலவராக வருவோரில் சிலருக்குச் சிங்களத்தோடு தமிழும் தெரியும். ஆனால் அது வேறு தமிழ். நீர்கொழும்பு மீனவர் தமிழைப் பற்றி ஸ்டீவன் பொன்ரா கோர்னெல் பல்கலைக்கழகத்தில் 2004 இல் முனைவர் ஆய்வு செய்தார். நான், நீ, அவன் என்பதைக் காட்டும் வினை விகுதிகள் அதில் பெரிதும் தேய்ந்திருக்கின்றன, பேச்சுச் சிங்கள வினைகளைப் போலவே. யார் போனது என்பதை விகுதியிலிருந்து அறியப் பழகிய திருகோணமலைத் தமிழர் அதைக் கேட்டு, ஒலி எல்லாம் தெளிவாக இருந்தும், “ஆர் போனது?” என்று திருப்பிக் கேட்க நேரும்.

காது தவறவிட்டதை மனம் நிரப்புகிறது. 1970 இல் ரிச்சர்ட் வாரன் ஒரு வாக்கியத்தின் ஒலிப்பதிவிலிருந்து ஓர் ஒலியை முற்றாக வெட்டியெடுத்து அந்த இடத்தில் ஓர் இருமலை வைத்தார். கேட்டவர்களுக்கு ஒலி எதுவும் காணாமல்போனதாகத் தெரியவில்லை. இருமல் எந்த இடத்தில் வந்தது என்பதைக்கூடச் சரியாகச் சொல்ல முடியவில்லை. மூளை இல்லாத ஒலியைத் தானே செய்து கேட்டுக்கொண்டது. இதற்காக அது சொல் முடியும்வரை காத்திருப்பதுமில்லை. சொல் தொடங்கி ஏறத்தாழ ஒரு வினாடியில் ஐந்திலொரு பங்கு கழிவதற்குள் பொருந்தக்கூடிய சொற்கள் மனத்தில் வரிசைகட்டத் தொடங்குகின்றன. ‘பல’ என்று தொடங்கியதும் பன்மை வந்து உட்கார்ந்துவிடும். அடுத்து வரும் ‘புலி’யும் தமிழில் உள்ள நல்ல சொல்லே. பிழையாக ஒலித்த சொல் அர்த்தமற்ற ஒன்றாக இருந்திருந்தால் மூளை திருத்திக்கொண்டிருக்கும். இன்னொரு சரியான சொல்லாக அமைந்துவிடுவதுதான் வேடிக்கை பிறக்கும் இடம். மணம் கேட்டு மனம் கிடைப்பதும், பணி கேட்டுப் பனி கிடைப்பதும் இப்படித்தான்.

பேசுபவர் யார் என்பது பற்றிய எண்ணமும் இந்த நிரப்பலில் நுழைகிறது. அமெரிக்காவின் ஜோர்ஜியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொனால்ட் ரூபின் 1992 இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கர் ஒருவரின் குரலில் பதிவான ஒரே விரிவுரையை மாணவர்கள் கேட்டார்கள். ஒரு பகுதியினருக்கு வெள்ளைப் பெண்ணின் படமும் மற்றவர்களுக்கு ஆசியப் பெண்ணின் படமும் காட்டப்பட்டன. ஆசிய முகத்தைப் பார்த்தவர்கள் பதிவில் இல்லாத அந்நிய உச்சரிப்பைக் கேட்டதாகச் சொன்னார்கள். விரிவுரையையும் குறைவாகவே விளங்கிக்கொண்டார்கள். வேலிக்கு அப்பாலிருந்து வரும் குரல் சிங்களக் குரல் என்று தெரிந்த பிறகு, சரியாகச் சொன்ன ளகரமும் லகரமாகக் கேட்கலாம் என்பது இதிலிருந்து பெறப்படும்.

உச்சரிப்பைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் பழக்கத்துக்குக் கொடிய முகமும் உண்டு. 1983 யூலை வன்செயல்களின்போது பேருந்துகளை மறித்த கும்பல்கள், வாளியைக் குறிக்கும் ‘பால்திய’ என்ற சிங்களச் சொல்லைச் சொல்லவைத்துத் தமிழரைப் பிரித்தெடுத்தது பதிவாகியிருக்கிறது. அச்சொல் மெல்லிய பகரத்தில் தொடங்குகிறது. தமிழ் பழைய இரவல்களில் அந்த ஒலியை வகரமாக்கிக்கொண்டது. பேங்க் வங்கியானதும், பஸ் ஒருகாலத்தில் வசுவானதும் அப்படியே. சோதனைக்கு எடுத்த சொல் சிங்களத்துக்கும் சொந்தமல்ல. போர்த்துக்கீசரின் ‘பால்டெ’யிலிருந்து வந்தது அது, தமிழின் வாளியும் அதே மூலத்திலிருந்து வந்ததாகவே கொள்ளப்படுகிறது.

போர்த்துக்கீச மொழி இந்த ஊரில் சொற்களை மட்டும் விட்டுச்செல்லவில்லை. திருகோணமலையின் பாலையூற்றுப் பகுதியிலும் மட்டக்களப்பிலும் வாழும் பறங்கியர் சிலர் இலங்கைப் போர்த்துக்கீசக் கிரியோலை இன்னும் பேசுகிறார்கள். 1970களில் மட்டக்களப்பில் அதை ஆராய்ந்த இயன் சிமித், பல தலைமுறை அயல்வாழ்வில் அதன் இலக்கணமும் ஒலியும் தமிழை நோக்கி எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கின்றன என்று காட்டினார். ஐரோப்பிய மொழியின் பிள்ளை ஒன்று, தமிழைப் போல வினையைப் பெரும்பாலும் கடைசியில் வைத்துப் பேசுகிறது.

ஒரு சமூகத்துக்கு நூற்றாண்டுகள் பிடிக்கும் நகர்வு ஒருபுறமிருக்க, தனி ஒருவரின் காது வியப்பூட்டும் வேகத்தில் பழகிக்கொள்ளும். கான்ஸ்டன்ஸ் கிளார்க்கும் மெரில் கரெட்டும் 2004 இல் வெளியிட்ட சோதனைகளில், அந்நிய உச்சரிப்பை முதலில் கேட்டவர்கள் தாமதமாகவே விளங்கிக்கொண்டார்கள். சில வாக்கியங்களுக்குள், ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில், அந்தத் தாமதத்தின் பெரும்பகுதி மறைந்தது. ஆன் பிராட்லோவும் டெசா பென்ட்டும் 2008 இல் இன்னொரு படி போனார்கள். ஒரே உச்சரிப்புடைய பலரின் பேச்சைக் கேட்டுப் பழகினால், அதே உச்சரிப்புடைய முன்பின் அறியாத ஒருவரின் பேச்சும் எளிதில் விளங்குகிறது. ஒரு சிங்கள அயலவரை மட்டும் அறிந்த தமிழருக்கு அவர் பேச்சு மட்டும் விளங்கும். பலரோடு பழகிய கடைக்காரருக்கு எவர் வந்து ‘புலி’ கேட்டாலும் கை தானாகவே புளிச் சாடிக்குப் போகும். விளங்காதபோது அதே சொல்லை இன்னும் மெதுவாகச் சொல்வதைவிடச் சொல்லை மாற்றுவது பலன் தரும். “குழம்புக்குப் போடுற புளிப்பு” என்றால் எந்த ல என்ற கேள்வியே எழாது.

பெரியவர்கள் அந்த ஒலியையே புதிதாகக் கற்க முடியுமா என்பதற்கும் பதில் இருக்கிறது. அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பிசோனியும் அவருடைய சகாக்களும் 1990களில் ஜப்பானியருக்கு ஆங்கில ர, ல பயிற்சி கொடுத்தார்கள். பல குரல்களில், பல சொற்களில் கேட்கவைத்து, பிழையை உடனுக்குடன் காட்டும் பயிற்சி அது. கேட்கும் திறன் தெளிவாக உயர்ந்தது, மூன்று மாதம் கழித்தும் நிலைத்திருந்தது. 1997 இல் பிராட்லோவோடு சேர்ந்து வெளியிட்ட முடிவு இன்னும் சுவையானது. பயிற்சியில் பங்கேற்றவர்களுக்கு வாய் திறந்து உச்சரிக்க எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர்கள் செய்ததெல்லாம் கேட்டது மட்டுமே. ஆயினும் பயிற்சியின் முடிவில் அவர்களுடைய ர, ல உச்சரிப்பும் தெளிவாகியிருந்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் அந்தப் பதிவுகளைக் கேட்டு அதை உறுதிப்படுத்தினார்கள்.